சுடுதண்ணீர்த் தாங்கி வாங்கும்போது நாங்கள் விடும் பிழைகள்

"வீட்டில எத்தனை பேர்?" ஹீற்றர் வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது இதைத்தான். ஆறு பேர் என்றால் 100 லீற்றர், நாலு பேர் என்றால் 80 என்று பதிலும் உடனே வந்துவிடும். திருகோணமலையில் பல வீடுகளில் தேவைக்கு மிஞ்சிய தாங்கி சுவரில் தொங்குவதற்கு இந்தத் தலைக்கணக்குத்தான் காரணம். ஒரு மணித்தியாலத்துக்குள் அடுத்தடுத்து எத்தனை பேர் சுடுதண்ணீரில் குளிப்பார்கள்? பார்க்க வேண்டியது அதை.

உவர்மலையில் ஆறு பேர் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அம்மம்மாவுக்கு மார்கழி மழைக்குள் விடியக்காலையில் பச்சைத்தண்ணீர் ஒத்துவராது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் வேலைக்குப் போகும் தாயும் ஆறரைக்கு முன் குளித்துவிட வேண்டும். மற்ற மூவரும் பின்னேரம் குளிப்பவர்கள். பகல் முழுக்க வெயிலில் கிடந்த கூரைத் தாங்கித் தண்ணீரே அவர்களுக்குப் போதும். ஆகவே கணக்கில் வருவது மூன்று பேர்தான்.

இனி ஆளுக்கு எவ்வளவு? இங்கே சாதாரணமாகப் பைப்பில் வரும் தண்ணீர் கிட்டத்தட்ட 28 பாகை இருக்கும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் அள்ளி ஊற்றிக் குளித்தவர்களுக்குத் தெரியும், உடம்புக்கு இதமான சூடு 40 பாகையை ஒட்டியதுதான். ஹீற்றருக்குள் 60 பாகையில் தண்ணீர் இருந்தால், 40 லீற்றர் குளியலுக்கு அதிலிருந்து 15 லீற்றர்தான் எடுபடும், மிச்சம் 25 லீற்றரும் பச்சைத்தண்ணீர். மூன்று பேருக்கு 45 லீற்றர். 50 லீற்றர் தாங்கியில் சூடு குறையாமல் வெளியே வருவது ஏறக்குறைய 35 லீற்றர். அதற்குப் பிறகு கீழே புகும் பச்சைத்தண்ணீர் கலந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் 1.5 கிலோவொட் சூடாக்கும் கம்பி ஒரு மணித்தியாலத்தில் இன்னும் 40 லீற்றரளவை 28இலிருந்து 60 பாகைக்குக் கொண்டுவந்துவிடும். ஆறு பேர் வீட்டுக்கு 50 லீற்றர் தாராளம். 100 லீற்றர் வாங்கினால் காசும் கூட, யாரும் எடுக்காத தண்ணீரைச் சூடாக வைத்திருக்கும் செலவும் கூட. மின்சாரத்தில் அலகு ஏற ஏற விலையும் ஏறுகிறது என்பதை மறக்கக்கூடாது.

வெளிநாட்டு உறவுகளின் அறிவுரையிலும் கவனம் வேண்டும். கனடாவில் இருக்கும் மாமா "எங்கட வீட்டில 50 கலன்" என்பார். அது 190 லீற்றர்! அவர் சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. அங்கே மாரியில் நிலத்தடிக் குழாயில் வரும் தண்ணீர் 5 பாகைக்கும் இறங்கும். அதே 40 லீற்றர் குளியலுக்கு 25 லீற்றர் சுடுதண்ணீர் தேவைப்படும். போதாததற்குப் பாத்திரம் கழுவுவது, உடுப்புத் துவைப்பது எல்லாம் அதே தாங்கியில். நுவரெலியாவில் இருப்பவர் சொல்லும் அளவும் இங்கே பொருந்தாது.

அடுத்த பிழை, ஷவரை அளக்காமல் விடுவது. இதற்குப் பத்து லீற்றர் வாளி ஒன்றும் கைத்தொலைபேசியும் போதும். ஷவரை முழுதாகத் திறந்து வாளி நிரம்ப எத்தனை நிமிடம் என்று பாருங்கள். கூரைத் தாங்கியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர் என்றால் இரண்டு நிமிடம் பிடிக்கலாம். பிரஷர் பம்ப் பூட்டியிருந்தால் ஒரு நிமிடத்திலேயே நிரம்பும். எட்டு நிமிடக் குளியல் முதல் வீட்டில் 40 லீற்றர், இரண்டாவதில் 80. ஆட்கள் அதே ஆட்கள், தேவை இரட்டிப்பு. பிறகு பம்ப் பூட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வாளியில் அள்ளிக் குளிப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

சிறிதாக வாங்கிவிட்டுச் சூட்டைக் கூட்டிச் சமாளிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். 60 பாகைத் தண்ணீரே சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும்; 75க்கு ஏற்றினால் குழந்தையின் கைக்குக் கணப்பொழுது போதும். உள்ளே உப்புப் படிவதும் விரைவாகும். பெரிதாக வாங்கியவர்கள் இதற்கு நேர்மாறாக, பில்லுக்குப் பயந்து 40 பாகைக்கு இறக்கி வைக்கிறார்கள். அந்த இளஞ்சூட்டில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற, நுரையீரலைத் தாக்கும் கிருமி நன்றாக வளரும். 60 பாகையில் வைத்து, குளிக்கும் இடத்தில் கலந்து எடுப்பதே சரி.

பிள்ளைப்பேற்று வீட்டு நிலைமை வேறு. தாய்க்கும் குழந்தைக்கும் நாளெல்லாம் சுடுதண்ணீர் வேண்டும். ஆனாலும் அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுபடும், நடுவில் தாங்கி மறுபடி சூடாகிவிடும். அந்தச் சில மாதங்களுக்காகப் பெரிய தாங்கி வாங்க வேண்டியதில்லை.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விருந்தினர் அறை வைத்திருப்பவர்கள் மறுபக்கம் தவறுகிறார்கள். திமிங்கிலம் பார்க்க விடியவே படகேறும் நாளில் நாலு அறையிலும் ஒரே நேரத்தில் ஷவர் ஓடும். பம்பும் இருந்தால் ஆளுக்கு 30 லீற்றர் சுடுதண்ணீர், எட்டுப் பேருக்கு 240. நடுவில் ஒரு 100 லீற்றர் தாங்கி வைத்தால் கடைசி அறைக்காரருக்குப் பச்சைத்தண்ணீர்தான். அறைக்கொன்றாக 50 லீற்றர், 2 கிலோவொட் வைத்தால் ஆள் இல்லாத அறையின் ஹீற்றரை நிறுத்தியும் விடலாம்.

ஒரே குளியலறை, மழை நாட்களில் மட்டும்தான் தேவை என்றால் தாங்கியே வேண்டாம். 3.5 கிலோவொட் உடனடி ஹீற்றர் எங்கள் ஊர்த் தண்ணீரை நிமிடத்துக்கு 4 லீற்றர் வீதம் 40 பாகையளவுக்குக் கொண்டுவரும்.

பூட்டும்போது கவனிக்க இன்னும் இரண்டு உண்டு. 50 லீற்றர் தாங்கி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 50 கிலோ, ஆகவே அரைக்கல் சுவரில் வெறும் பிளக் ஆணியை நம்பிக் கொழுவக்கூடாது. தனி வயரும் எர்த்தும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம். கடலுக்குக் கிட்டக் கிணற்றுத் தண்ணீர் பாவிப்பவர்கள், உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பியை வருடத்துக்கொரு முறை கழற்றிப் பார்க்க வேண்டும். தாங்கியின் இரும்புக்குப் பதிலாக அரிபடுவதற்கென்றே வைத்த கம்பி அது. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.