வெற்றிலைச் சுண்ணாம்பில் தொடங்கி டோலமைட் வரை: கார்பனேட் கனிமங்களுக்கு ஓர் எளிய செய்முறை

செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்ச் சாறும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு, பூசி முடித்தபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி இறுகியிருக்கிறது. இறுகியபின் அது வெறும் பூச்சு அல்ல. கால்சைட் என்ற கனிமம், அதாவது கால்சியம் கார்பனேட். கடலடியில் படிந்து சுண்ணாம்புப் பாறையாவதும் அதே கால்சைட்தான். ஆகவே படிவுப் பாறைகளைப் பற்றிக் கற்க வெற்றிலைத் தட்டிலேயே தொடங்கலாம்.

வேண்டியவை: வெற்றிலைச் சுண்ணாம்பு, வெள்ளை வினிகர், மருந்துக் கடையில் கிடைக்கும் பேதி உப்பு (மெக்னீசியம் சல்பேட்), காலியான கடல் சிப்பி ஒன்று, இரும்பு ஆணி, உருப்பெருக்கிக் கண்ணாடி. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. சிறுவர்கள் பெரியவர்களை வைத்துக்கொண்டே செய்ய வேண்டும்.

படி 1: கால்சைட் செய்தல்

ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பை ஒரு பாட்டில் தண்ணீரில் கலக்கி, மூடி, தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் அகன்ற கிண்ணத்தில் ஊற்றித் திறந்து வையுங்கள். சில மணி நேரத்தில் நீரின் மேல் மங்கலான ஆடை படரும். மறுநாள் காலையில் ஈர்க்குச்சியால் தொட்டால் அது சில்லுச் சில்லாக உடைந்து, பளபளத்தபடி அடியில் இறங்கும். ஒரு சில்லை எடுத்து வினிகரில் போட்டால் நுரைக்கும். நேற்று காற்றில் இருந்த கரியமில வாயு இன்று குமிழியாகத் திரும்பிப் போகிறது.

கடின நீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதும், வறண்ட நிலத்து மண்ணுக்குள் சுக்கான் கல் திரள்வதும் இதற்கு நெருங்கிய உறவு. அங்கே நடப்பது சற்று வேறு: நீரில் கரைந்திருந்த கரியமில வாயு வெளியேற, சுண்ணாம்பு கரைந்திருக்க முடியாமல் படிந்துவிடுகிறது.

படி 2: சிப்பியைச் சோதித்தல்

தேவகோட்டையிலிருந்து கிழக்கே போனால் தொண்டிக் கடற்கரை. அங்கே பொறுக்கிய சிப்பியின் மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைக்கும். இதுவும் கால்சியம் கார்பனேட்தான், ஆனால் பெரும்பாலான சிப்பிகளில் இருப்பது அரகோனைட். அணுக்கள் அதேதான், அடுக்கு வேறு. கடல்நீரில் மெக்னீசியம் அதிகம்: ஒரு கிலோ நீரில் சுமார் 1,290 மில்லிகிராம், கால்சியமோ 410 மில்லிகிராம்தான். இந்த மெக்னீசியம் கால்சைட்டின் வளர்ச்சியைத் தடுப்பதால் கடல்நீரில் அரகோனைட்டுக்கு வழி கிடைக்கிறது. நீண்ட காலம் புதைந்து கிடந்தால் அரகோனைட் கால்சைட்டாக மாறிவிடும்.

படி 3: டோலமைட் செய்ய முயலுதல்

டோலமைட் என்பது கால்சியமும் மெக்னீசியமும் பாதிக்குப் பாதி சேர்ந்த கார்பனேட். அப்படியானால் சுண்ணாம்புத் தெளிநீரில் மெக்னீசியம் சேர்த்தால் கிடைத்துவிடுமே என்று தோன்றும். பேதி உப்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிநீரில் விடுங்கள். உடனே வெள்ளையாகத் திரியும். பார்க்க நம்பிக்கை தரும். ஆனால் அது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தில் இருப்பது. டோலமைட் ஒரு துளிகூடக் கிடைக்காது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லிண்டன் லேண்ட் என்ற அமெரிக்கப் புவியியலாளர், டோலமைட் படிவதற்குத் தேவையானதைப்போல் ஆயிரம் மடங்கு செறிவுள்ள கரைசலை 25 டிகிரி வெப்பத்தில் 32 ஆண்டுகள் வைத்துப் பார்த்து, எதுவும் படியவில்லை என்று 1998இல் எழுதினார். வட இத்தாலியில் மலைமலையாக நிற்கும் கனிமம் இது. 1791இல் அதை விவரித்த தொலோமியுவின் பெயரையே தாங்கியிருக்கிறது. பழைய பாறைகளில் இவ்வளவு இருந்தும் இன்றைய கடலில் ஏன் அரிது என்பது இரு நூற்றாண்டுப் புதிர்.

சிக்கல் அடுக்கில் இருக்கிறது. டோலமைட்டில் கால்சியம் ஒரு வரிசை, மெக்னீசியம் ஒரு வரிசை என்று மாறி மாறி வர வேண்டும். மெக்னீசிய அயனியோ (மின்னேற்றம் கொண்ட அணு) நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும், எளிதில் உதறாது. இரண்டும் கலந்து தாறுமாறாக ஒட்டிக்கொண்டால் அதற்கு மேல் வளர்ச்சி நின்றுவிடுகிறது. கோணலாக வைத்த செங்கல்லைக் கொத்தனார் பிடுங்கிவிட்டு மறுபடி வைப்பதுபோல, தப்பாக ஒட்டிய அயனிகள் கரைந்து போனால்தான் வேலை நகரும். 2023இல் மிச்சிகன், ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே செய்து காட்டினார்கள். எலக்ட்ரான் கற்றையை இரண்டு மணி நேரத்தில் 4,000 முறை துடிக்கவிட்டு, படிகத்தின் பிழையான இடங்களை அவ்வப்போது கரைத்தார்கள். சுமார் 300 அடுக்கு டோலமைட் வளர்ந்தது. அதற்குமுன் ஆய்வகத்தில் ஐந்து அடுக்கைத் தாண்டியதில்லை.

என் கணிப்பில் தொடக்கநிலை மாணவர் பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: டோலமைட்டுக்குக் காத்திருப்பு மட்டும் போதாது, இடையிடையே கரைவதும் வேண்டும். அபுதாபியின் உவர்ச் சமவெளி, தெற்கு ஆஸ்திரேலியாவின் கூரோங் ஏரிகள் போன்ற இடங்களில் இன்றும் அது உருவாவது ஏன் என்று இப்போது ஊகிக்கலாம். வெயிலில் நீர் வற்றி உவர் ஏறும், மழையோ அலையோ வந்து கழுவும், மறுபடி வற்றும். பிரேசிலின் லாகோவா வெர்மெல்யா ஏரியில் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாவும் கைகொடுக்கிறது.

பழைய டோலமைட்டில் பெரும்பகுதி நேராகப் படிந்ததல்ல. முன்பே இருந்த சுண்ணாம்புப் பாறைக்குள் மெக்னீசியம் மிகுந்த நீர் ஊடுருவி, கால்சியத்தில் பாதியை இடம் பெயர்த்து உருவானது. அப்போது பாறையின் கனஅளவு சுருங்கி நுண்துளைகள் தோன்றலாம். எண்ணெய்த் துரப்பணக்காரர்கள் டோலமைட்டைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 4: அடையாளம் காணுதல்

வெள்ளைக் கல் எதுவாயினும் முதலில் ஆணியால் கீறுங்கள். கீறல் விழாவிட்டால் அது குவார்ட்ஸாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். விழுந்தால் கல்லின் மேல் வினிகர் விடுங்கள். நுரைத்தால் கால்சைட். நுரைக்காவிட்டால் ஒரு மூலையை நுணுக்கிப் பொடியாக்கி, சற்றே சூடான வினிகரை விட்டு உருப்பெருக்கியால் பாருங்கள். பொடியில் மட்டும் மெதுவாகக் குமிழி எழுந்தால் டோலமைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். கடையில் வாங்கும் கோலப்பொடியையும் இப்படிச் சோதிக்கலாம்.

வீட்டுக் கூடமான பட்டாலையின் மார்பிள் தரையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். இத்தாலிய மார்பிள் பெரும்பாலும் கால்சைட். வினிகர் பட்ட இடம் மெருகு போய் மங்கிவிடும், ஆச்சிக்குப் பதில் சொல்ல முடியாது.