சிறுநீரகத் தமனியில் சுருக்கமா? ஸ்டென்ட்டுக்கு ஓடும் முன்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘சிறுநீரகத் தமனியில் 60 சதவீதச் சுருக்கம்’ என்று பார்த்ததும், ஸ்டென்ட் (சுருங்கிய குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்துவிட்டால் பிபி இறங்கிவிடும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான்.

அந்த எண்ணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இரத்தம் குறைவாக வந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். இரத்தக்குழாய்கள் இறுகும், உப்பும் நீரும் உடலில் தங்கும், அழுத்தம் ஏறும். ஹாரி கோல்ட்பிளாட் என்ற மருத்துவர் 1934-லேயே நாய்களின் சிறுநீரகத் தமனியை இறுக்கி இதைக் காட்டினார். ஆனால் வயதானவர்களுக்குப் பெரும்பாலும் கொழுப்புப் படிவால் வரும் சுருக்கம் இது. பிபி முன்பே வந்து, சுருக்கம் பின்னால் சேர்ந்திருக்கலாம். 2009-இல் 806 பேரை வைத்து வந்த ஆஸ்ட்ரல் ஆய்வும், 2014-இல் 947 பேரை வைத்து வந்த கோரல் ஆய்வும் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களையும், மாத்திரையோடு ஸ்டென்ட் சிகிச்சையும் பெற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தன. மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, மரணம் எதிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கோரலில் மேல் அழுத்தம் கூடுதலாக இறங்கியது சுமார் 2 புள்ளிதான்.

அதற்காக ஸ்டென்ட்டே வீண் என்று ஒதுக்குவதும் தவறு. திடீர் திடீரென்று நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுபவர்கள், நீர் மாத்திரை உட்பட மூன்று மருந்தை முழு அளவில் ஒழுங்காகச் சாப்பிட்டும் பிபி அடங்காதவர்கள், இரு பக்கமும் சுருங்கி சிறுநீரகம் வேகமாகக் கெட்டுவருபவர்கள் ஆகியோரின் கதை வேறு. இளம் பெண்களுக்கு வரும் தசைநார்க் கோளாறுச் சுருக்கமும் வேறு. அதற்குப் பெரும்பாலும் பலூனால் குழாயை விரிக்கும் சிகிச்சையே போதும், ஸ்டென்ட் தேவைப்படுவது அபூர்வம்.

அப்புறம் மாத்திரை விஷயம். ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை பிபி மருந்துகள் இந்த நோய்க்கு ஆகவே ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் சுருக்கம் இருந்தால் இவைதான் முக்கிய மருந்து. ஆபத்து இரு பக்கமும் சுருங்கியவர்களுக்கும், ஒற்றைச் சிறுநீரகத்தில் சுருக்கம் உள்ளவர்களுக்கும்தான். எனவே மருந்து தொடங்கி ஓரிரு வாரத்தில் இரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனையைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கிரியேட்டினின் 1.0-லிருந்து 1.2 ஆனால் பதற வேண்டாம். 1.5-க்குத் தாவினால், அதாவது 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரு பக்கச் சுருக்கம் சில சமயம் இப்படித்தான் பிடிபடுகிறது. கடும் வாந்தி, பேதி வந்த நாட்களில் இந்த மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் என்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

கடைசித் தவறு, ஸ்டென்ட் வைத்த மறுவாரமே எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவது. குழாய் மறுபடி சுருங்கலாம். கொழுப்புப் படிவு இதயத்திலும் மூளையிலும் கூட இருக்கலாம். ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை), ஆஸ்பிரின், பிபி மருந்து எது தொடர வேண்டும், எது குறைய வேண்டும் என்பதை டாக்டர் சொல்லட்டும். சிகரெட்டை மட்டும் யாரையும் கேட்காமலேயே நிறுத்தலாம்.