பெரிய குளத்தில் நேராக நீந்த

நீச்சல் குளத்தில் அடியில் கோடு இருக்கும். அதைப் பார்த்தே 50 மீட்டரையும் நேராகப் போய்விடலாம். எங்கள் ஊர்ப் பெரிய குளத்தில் முகத்தை நீருக்குள் வைத்தால் பச்சை மட்டும்தான். எதிர்க்கரை மடையை நோக்கிக் கிளம்பினால் தாமரைக் கொடிப் பக்கம் ஒதுங்கிவிடுவேன்.

அதைச் சரிசெய்தது மருந்துவாழ் மலை. நீர்மட்டத்திலிருந்து மடை தெரியாது, மலை தெரியும். மடைக்கு நேர் பின்னால் வரும் சரிவைக் குறியாக வைத்துக்கொண்டேன். ஆறேழு கைவீச்சுக்கு ஒரு முறை கண் மட்டும் வெளியே வரும்படி நிமிர்ந்து பார்த்து, அப்படியே பக்கவாட்டில் திரும்பி மூச்சு எடுக்க வேண்டும். முழுத் தலையையும் தூக்கினால் இடுப்பு தாழ்ந்து வேகம் போய்விடும். இது பழகிவிட்டால், சுவரைத் தொட்டுத் திரும்ப வேண்டாத அந்த நீளமான நீச்சல் இருக்கிறதே, என்ன ஒரு சுகம்! உடம்பு தாளத்துக்கு வந்தபின் கரையேறவே மனம் வராது.

அப்புறம் காற்று. ஆனி, ஆடிக் காற்றுக்கு ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளே சாட்சி. அலை வரும் பக்கம் வாய் திறந்தால் தண்ணீர்தான். இரண்டு பக்கமும் மூச்செடுக்கப் பழகினேன், தீர்ந்தது.

இடுப்பில் ஆரஞ்சு மிதவை, கரையில் துணைக்கு ஒரு ஆள். இவை இல்லாமல் நான் இறங்குவதில்லை, நீங்களும் இறங்காதீர்கள்.