சலவைத்தூள் வாங்க முதல் கிணற்றுத் தண்ணீரைப் பாருங்கள்

கடையில் எது மலிவு என்று கேட்டு வாங்கிவரும் சலவைத்தூள், மாதம் முடிந்து எண்ணிப் பார்க்கும்போது பெரும்பாலும் மலிவாக இருப்பதில்லை. கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். இரண்டு பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிக்கூட உடுப்பு, வயலுக்குப் போகிறவரின் சாரமும் சேட்டும், மாமியின் சேலை, துவாய், படுக்கை விரிப்பு என்று ஒவ்வொரு நாளும் ஒரு வாளியாவது ஊறும். 2022 இல் எல்லாச் சாமானும் விலை ஏறி, சவர்க்காரம் வாங்கவே யோசிக்க வேண்டி வந்தபோதுதான் நான் கொப்பியில் கணக்கு எழுதத் தொடங்கினேன். எழுத எழுதத்தான் பிடிபட்டது: பைக்கற்றில் போட்டிருக்கிற விலை பாதிக் கணக்கு, மற்றப் பாதி எங்கள் கிணற்றுக்குள் இருக்கிறது.

ஆகவே கடைக்குப் போக முதல் உங்கள் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படை பிடிக்கிறதா? வாளியின் விளிம்பில் வெள்ளைக் கோடு விழுகிறதா? அப்படியென்றால் உங்கள் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் கூடுதலாக இருக்கிறது, அதைத்தான் கடின நீர் என்கிறார்கள். இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரே அளவான இரண்டு வெறும் போத்தல்களை எடுங்கள். ஒன்றில் பாதிக்குக் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் அதே அளவு மழைத் தண்ணீர். சாதாரண சவர்க்காரக் கட்டியைக் கத்தியால் மெல்லிசாகச் சீவி இரண்டுக்கும் ஒரே அளவு போட்டு, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். மழைத் தண்ணீர்ப் போத்தலில் கழுத்துவரை நுரை நிற்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் நுரை எழும்பின உடனேயே அடங்கிவிட்டது, தண்ணீர் பால் திரைந்த மாதிரிக் கலங்கி, வெள்ளைத் தும்பு தும்பாக ஏதோ மிதந்தது. அந்தத் தும்புதான் நாங்கள் காசு கொடுத்து வாங்கின சவர்க்காரம். கல்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிட்டது. உடுப்பில் சாம்பல் நிறமாகப் படிகிறதும், துவாய் காய்ந்தபிறகு தகரம் மாதிரி விறைத்து நிற்கிறதும் அதனால்தான்.

எவ்வளவு வீணாகிறது என்று ஒருமுறை கணக்குப் பார்த்தால் மறக்கமாட்டீர்கள். லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மை, அதாவது அந்தக் கல்சியம், மக்னீசியம் உப்புகள், இருந்தால் அது மிகக் கடின நீர் என்று வகுத்திருக்கிறார்கள். உங்கள் கிணற்றில் 300 இருக்கிறது என்று வையுங்கள். 10 லீற்றர் வாளியில் 3 கிராம் வருகிறது. ஒரு கிராம் கடினத்தன்மை ஏறக்குறைய 6 கிராம் சவர்க்காரத்தைத் தின்னும். அப்போ ஊத்தையைத் தொட முதலே வாளிக்கு 18 கிராம் சவர்க்காரம் போய்விட்டது. அலசுகிற தண்ணீரிலும் இதே கதை, உடுப்பில் ஒட்டியிருக்கிற மிச்சச் சவர்க்காரம் அங்கேயும் திரையும். கட்டிச் சவர்க்காரம் விலை குறைவு என்று அதையே போட்டுக் கும்முகிறவர்களுக்கு மாதக் கடைசியில் கட்டி காணாமல் போவதற்குக் காரணம் பிள்ளைகள் தண்ணீருக்குள் விட்டதில்லை, தண்ணீரே தின்றதுதான்.

சலவைத்தூள் இந்த விடயத்தில் வேறு. தூளில் இருக்கிறது பெரும்பாலும் எண்ணெயில் காய்ச்சின சவர்க்காரமில்லை, செயற்கையாகச் செய்த அழுக்கு நீக்கி. அது கல்சியத்தோடு இவ்வளவு எளிதில் திரையாது. அதோடு தண்ணீரை மென்மையாக்கச் சோடாவோ வேறு உப்போ தூளிலேயே கலந்திருக்கும். அதனால் கிணற்றுத் தண்ணீரில் தோய்க்கிற வீட்டுக்கு முதன்மையான சாமான் தூள்தான் என்பது என் முடிவு. கட்டியை அடியோடு விட வேண்டியதில்லை. கொலர், கை மடிப்பு, சாரத்தின் விளிம்பு மாதிரி இடங்களில் நனைத்துத் தேய்க்க ஒரு கட்டி போதும். சன்லைட் கட்டியோ, கையில் கிடைக்கிற எந்தக் கட்டியோ, அந்த வேலைக்குப் பெரிய வித்தியாசமில்லை. இப்படி வைத்தால் எங்கள் வீட்டில் ஒரு கட்டி மூன்று கிழமைக்கு மேலே போகிறது.

இன்னொரு சாமான் இருக்கிறது, சலவைச் சோடா. அப்பச்சோடா இல்லை, அது வேறு, அதை வாங்கிவந்து ஏமாறாதீர்கள். சலவைச் சோடா தண்ணீரில் கரைந்ததும் கல்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்புத் தூளாக அடியில் இறக்கிவிடும். மேலே சொன்ன அதே வாளிக்கு 3 கிராம் சொச்சம், அதாவது ஒரு தேக்கரண்டி போதும். 18 கிராம் சவர்க்காரம் செய்கிற வீண் வேலையை ஒரு கரண்டி சோடா செய்து முடிக்கிறது, விலையிலும் அது மிகக் குறைவு. போடுகிற ஒழுங்கு முக்கியம்: முதலில் சோடாவைப் போட்டுக் கலக்கி ஐந்து பத்து நிமிடம் விடுங்கள், அப்புறம் தூள், அதுக்குப் பிறகுதான் உடுப்பு. பட்டுச் சேலைக்கும் கம்பளிக்கும் சோடா கூடவே கூடாது. கைத்தோல் மெல்லிசானவர்களுக்கு எரியும், ஒரு தடியால் கலக்குங்கள்.

சோடா என்றதும் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற பரந்தனை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. போருக்கு முன் அங்கே இருந்த இரசாயனத் தொழிற்சாலையில் ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்டிக் சோடா செய்தார்கள், அது சலவைச் சோடா இல்லை, வேறு, சவர்க்காரம் காய்ச்ச வேண்டிய மூலப்பொருள் அதுதான். அதற்குப் பிறகு தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், அதே ஊர்களில் ஒரு கட்டிச் சவர்க்காரம் கண்ணில் காண அரிதாயிற்று. பனங்காயைப் போட்டுத் தேய்த்துத்தான் மாமி உடுப்புத் தோய்த்திருக்கிறா. ஊத்தை போகுமாம், ஆனால் கொடியில் காயப்போட்ட சீலையை மாடு வந்து சப்பிவிடும், காவல் இருக்க வேண்டும் என்று சொல்லுவா. அவ இன்றைக்கும் சவர்க்காரத்தின் கடைசித் துண்டைப் புதுக்கட்டியில் ஒட்டவைத்துத்தான் பாவிப்பா. நான் கணக்கு எழுதுகிற பழக்கம் அவவிடமிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

சரி, கடையில் நிற்கிறீர்கள். சர்ப் எக்செல், ரின், திவா, சன்லைட் என்று வரிசையாக இருக்கிறது. பைக்கற் விலையை விடுங்கள், கிலோ விலையையும் பாதிதான் நம்புங்கள். பார்க்க வேண்டியது வாளிக்கு எவ்வளவு முடிகிறது என்பதை. விளக்கத்துக்குச் சும்மா ஒரு கணக்கு: ஒரு தூள் கிலோ 500 ரூபாய், வாளிக்கு 40 கிராம் போட்டால்தான் வெளிக்கிறது, கிலோவுக்கு 25 வாளி, வாளிக்கு 20 ரூபாய். மற்றது கிலோ 700 ரூபாய், 25 கிராம் போதும். 40 வாளி, வாளிக்கு 17 ரூபாய் 50 சதம். கடையில் விலை கூடினது வீட்டில் மலிந்துவிட்டது. எதிர்மாறாகவும் வரும், விலை கூடிய தூளில் வாசத்துக்கும் பைக்கற்றின் அழகுக்கும் கொடுக்கிற காசும் இருக்கிறது. அதனால் பெயரை வைத்து முடிவெடுக்க வேண்டாம், சோதித்து எடுங்கள்.

சோதிக்கிறதுக்குச் சின்னப் பைக்கற்றுகள் நல்லது. கிராம் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். வீட்டில் இருக்கிற ஒரே கரண்டியால், குவிக்காமல் மட்டமாக அள்ளி, பைக்கற்றில் எத்தனை கரண்டி வருகிறது என்று எண்ணினால் ஒரு கரண்டி எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும், தராசு தேவையில்லை. பிறகு ஒரே மாதிரி ஊத்தையான இரண்டு பள்ளிக்கூடச் சேட்டுகளை இரண்டு வாளியில் ஊறவையுங்கள், ஒன்றுக்கு வழக்கமான அளவு, மற்றதுக்கு அதில் பாதி. அரை மணி நேரம் ஊறட்டும், ஒரே மாதிரிக் கசக்குங்கள். ஈரத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள், காய்ந்தபிறகு வெயிலில் பிடித்துக் கொலரைப் பாருங்கள். நான் செய்து பார்த்தபோது, சோடா போட்ட தண்ணீரில் பாதித் தூள் போட்ட சேட்டுக்கும் முழுத் தூள் போட்ட சேட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருடம் இரண்டு மடங்கு போட்டுவந்திருக்கிறேன் என்று நினைக்க எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது.

நுரையைப் பார்த்து அளக்கிற பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். நுரை வேறு, வெளுப்பு வேறு. நுரை கூடினால் அலசுகிற தண்ணீர் கூடும், இரண்டு தரம் அலச வேண்டியதை நான்கு தரம் அலசினால் மோட்டருக்குப் போகிற கறன்ற் காசும் சலவைச் செலவில்தான் சேரும். கோடையில் கிணறு இறங்கியிருக்கிற நாட்களில் சொல்லவே வேண்டாம்.

எங்கள் பக்கத்து ஊத்தையில் பாதி புழுதியும் வயல் சேறும். சேறு பட்ட உடுப்பை அப்படியே சவர்க்காரத் தண்ணீருக்குள் போட்டால் தூள் முழுக்க மண்ணோடு போய்விடும். சேறு காயட்டும், உதறுங்கள், வெறும் தண்ணீரில் ஒருதரம் அலம்புங்கள், அதுக்குப் பிறகு தூள். இந்த ஒன்றே வயல் உடுப்புக்குப் பாதித் தூளை மிச்சம் பிடிக்கும். இரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும், சுடுதண்ணீர் பட்டால் கறை இறுகிவிடும். வியர்வை, இரத்தம், பால் மாதிரிக் கறைகளுக்கு நொதியம் சேர்த்த தூள் நன்றாக வேலை செய்யும், பைக்கற்றின் பின்பக்கம் என்சைம் என்று போட்டிருக்கும். அதுக்கு ஊறுகிற நேரம் வேண்டும், கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், கொதித்தால் நொதியம் பழுதாகிவிடும். வாழைக் கயர் பட்டால் உடனே கழுவுங்கள், காய்ந்த கயருக்காக விலை கூடிய தூள் வாங்குவது காசுக்குக் கேடு, அந்தச் சேட்டை வயலுக்கு ஒதுக்கிவிடுங்கள். குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தால், வெள்ளை மஞ்சளாகிறது என்று குளோரின் வெளிற்றி ஊற்றாதீர்கள், துருக்கறை இன்னும் ஏறும். தேசிக்காய்ப் புளியும் உப்பும் தடவி வெயிலில் வையுங்கள்.

நிறைக்குப் போட்டுத் தருகிற பெயர் இல்லாத தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு கடையில் கிலோ பாதி விலைக்கு வாங்கினேன். கையில் தண்ணீர் பட்டதும் சுட்டது, நல்ல காரமான தூள் என்று நினைத்துப் போட்டேன். மூன்றாம் நாள் விரல் இடுக்கில் தோல் உரிந்தது, பிள்ளையின் நீலச் சேட்டு வெளிறிவிட்டது. அந்தச் சூடு சோடா தண்ணீரில் கரையும்போது வருவது, அதுக்கும் வெளுப்புக்கும் சம்பந்தமில்லை. சோடாதான் வேண்டுமென்றால் அதைச் சோடா என்ற பெயரிலேயே அதன் விலைக்கு வாங்கலாம். என்ன கலந்திருக்கிறது, யார் செய்தது, எப்போது செய்தது என்று எழுதாத தூளை நான் இப்போது தொடுவதில்லை.

மெசின் வைத்திருக்கிறவர்களுக்குச் சுருக்கமாக: முன்பக்கம் கதவுள்ள மெசினுக்கு நுரை குறைந்த தூளோ திரவமோ அதற்கென்றே விற்பதைத்தான் போட வேண்டும், கைக்குத் தோய்க்கிற தூளைப் போட்டால் நுரை பொங்கி மெசின் அலசத் திணறும். திரவம் குளிர்ந்த தண்ணீரில் நன்றாகக் கரையும், கறுப்பு உடுப்பில் வெள்ளைத் தூள் ஒட்டாது. ஆனால் வாளிக் கணக்கில் பார்த்தால் எங்கள் வீட்டுக்குத் தூளைவிடக் கூடத்தான் வந்தது.

பெரிய பைக்கற் எப்போதும் லாபம் என்று நினைக்காதீர்கள். கிராம் விலையைப் பிரித்துப் பாருங்கள், சில நேரம் சின்னது மலிவாக இருக்கும். மாரி தொடங்க முதல் பெரிய பைக்கற் வாங்கினால் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும், மூடி இறுக்கமான பேணியில் கொட்டி வையுங்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கூரைத் தண்ணீரைப் பரலில் பிடித்துத் தோய்க்கிறவர்களுக்குத் தூளும் சோடாவும் மிகக் குறைவாகவே போதும், அந்த மூன்று மாதமும் சவர்க்காரக் கட்டி கொடுக்கிற காசுக்கு வேலை செய்யும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடியுங்கள்.

தோய்த்த தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள். சோடாவும் தூளும் கரைந்த முதல் தண்ணீர் மரக்கறிப் பாத்திக்கும் கூடாது, கிணற்றிலிருந்து தள்ளி வெறுந்தரையில் ஊற்றுங்கள். கடைசியாக அலசின தண்ணீர் தென்னைக்குப் போகலாம்.

புதுப் பைக்கற் வெட்டுகிற நாளைப் பேனையால் அதன் மேலேயே எழுதி வையுங்கள், முடிகிற நாளையும். ஒரு கிலோத் தூள் எங்கள் வீட்டில் முன்பு 24 நாளில் முடிந்தது. இப்போது பேணியில் இருக்கிற பைக்கற் வெட்டி இன்றைக்கு 38 நாள், அடியில் இன்னும் ஐந்தாறு கரண்டி இருக்கிறது.