பைக்கில் முதலுதவிப் பை: எதை வாங்குவது, எங்கே வைப்பது

புது பைக் வாங்கும்போது ஷோரூமில் சாவியோடு ஒரு சிறிய முதலுதவிப் பையையும் கொடுப்பது வழக்கம். பலர் வீட்டில் அது இன்ஷூரன்ஸ் தாள்களோடு சேர்ந்து பீரோவுக்குள் போய்விடுகிறது. எடுத்துத் திறந்து பாருங்கள்: கொஞ்சம் பஞ்சு, நாலைந்து ஒட்டுபிளாஸ்திரி, விரல் அகலத்தில் ஒரு கட்டுத்துணிச் சுருள், இந்த அளவில்தான் இருக்கும். காய்கறி நறுக்கும்போது விரலில் வெட்டிக்கொண்டால் இது போதும். தார்ச்சாலையில் முழங்கால் தேய்ந்தால் போதாது.

நாமே ஒரு பையைத் தயார் செய்வது கடினமான வேலை இல்லை. ஆனால் கடைக்குப் போகும் முன் ஒன்றை யோசித்துவிடுங்கள். விழுந்து கிடப்பவர் நீங்கள் என்றால், பையைத் திறக்கப்போவது வேறொருவர். பின்னால் உட்கார்ந்து வந்தவராக இருக்கலாம். லாரியை ஓரங்கட்டிவிட்டு ஓடிவரும் முன்பின் தெரியாத டிரைவராக இருக்கலாம். பொருளைத் தேர்ந்தெடுப்பதும் அடுக்குவதும் வைப்பதும் அவருடைய கைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும்.

படி 1: என்னென்ன காயம் வரும் என்று பாருங்கள்

பைக்கில் போகிறவர்களுக்கு அடிக்கடி வருவது சிராய்ப்பு. உள்ளங்கை, முழங்கை, முழங்கால், இடுப்பின் பக்கவாட்டு என்று விரிந்த பரப்பில் தோல் உரிந்து, மண்ணும் பொடிக்கல்லும் அதில் ஒட்டியிருக்கும். அடுத்தது சைலன்சர் சூடு. இறங்கும்போது காலில் பட்டுவிடும். பிறகு வெட்டுக்காயம், சுளுக்கு, எலும்பு முறிவு. குழந்தையைப் பின்னால் உட்கார வைத்துப் போனால், சக்கரக் கம்பிகளுக்குள் குதிகால் மாட்டும் ஆபத்தும் உண்டு. பை இவற்றுக்காகத்தான். சளி, காய்ச்சல், வயிற்றுவலி மாத்திரைகளையெல்லாம் இதில் திணிக்க ஆரம்பித்தால் தேடுவதற்கே நேரம் போய்விடும்.

படி 2: மருந்துக்கடையில் வாங்க வேண்டியவை

- நைட்ரைல் கையுறை, 2 ஜோடி
- கிருமிநீக்கம் செய்த காஸ் துணி (வலை போன்ற மெல்லிய துணி), 10 செ.மீ. சதுரம், 10 பாக்கெட்
- சுருள் கட்டுத்துணி, 10 செ.மீ. அகலத்தில் 2, 5 செ.மீ. அகலத்தில் 1
- கிரேப் பேண்டேஜ் (இழுத்தால் நீளும் கட்டுத்துணி), 10 செ.மீ., 1
- முக்கோணக் கட்டுத்துணி, 1
- பாரஃபின் தடவிய காஸ், 3
- மைக்ரோபோர் பிளாஸ்திரி, 1 சுருள்
- நார்மல் சலைன், 100 மி.லி. பிளாஸ்டிக் பாட்டில், 2
- பொவிடோன் அயோடின் களிம்பு, சிறிய டியூப்
- முனை மழுங்கிய கத்தரிக்கோல், இடுக்கி, ஊக்குகள்
- ஓ.ஆர்.எஸ். பொட்டலம், 2

பஞ்சு இந்தப் பட்டியலில் இல்லாதது மறதியால் அல்ல. பச்சைக் காயத்தின் மேல் பஞ்சை வைத்தால் அதன் இழைகள் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆஸ்பத்திரியில் அதைப் பிய்த்து எடுக்கும்போது காயத்தைவிட அதுதான் அதிகம் வலிக்கும். பாரஃபின் காஸ் இதற்கு நேர்மாறு. சிராய்ப்பிலும் தீப்புண்ணிலும் ஒட்டாமல் உரிந்து வரும். விலையும் அதிகமில்லை, ஆனாலும் நம் பைகளில் இதைக் காண்பது அரிது.

சலைன், ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற 0.9 சதவீத உப்புநீர்தான். காயத்தைக் கழுவ இதைவிட வசதியானது கிடையாது. ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் வேண்டாம். எரிச்சல் தருவதோடு நல்ல சதையையும் கெடுக்கும். கண்ணாடிக் குப்பியில் வரும் எதையும் வாங்காதீர்கள். பைக்கின் அதிர்வில் என்றாவது ஒருநாள் உடையும்.

நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரை ஏதாவது இருந்தால் 2 நாளுக்கானதை மட்டும் தனியாக வையுங்கள். அடிபட்ட அந்நியருக்கு மாத்திரை கொடுக்க வேண்டாம். குறிப்பாக ஆஸ்பிரின் கூடவே கூடாது. ரத்தம் உறைவதைத் தடுத்துவிடும்.

படி 3: அடுக்கும் முறை

பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இது. கடையில் கொடுத்த கவரோடு பொருட்களை அப்படியே பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்துவிடுவார்கள். நடுக்கமெடுக்கும் கையால் அதைக் கிளறிப் பாருங்கள், தெரியும்.

மூன்று ஜிப் கவர் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கவரில் கையுறை, 4 காஸ், ஒரு 10 செ.மீ. சுருள். அதன் மேல் கறுப்பு மார்க்கரால் "ரத்தம்" என்று பெரிதாக எழுதுங்கள். இரண்டாவது கவரில் சலைன், பாரஃபின் காஸ், களிம்பு, மீதிக் காஸ், இடுக்கி. மேலே "சிராய்ப்பு, சூடு". மூன்றாவதில் கிரேப் பேண்டேஜ், முக்கோணத் துணி, ஊக்கு. மேலே "சுளுக்கு, முறிவு". மற்றவை பையின் பக்கவாட்டில் போகட்டும். "ரத்தம்" கவர் எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும்.

மைக்ரோபோர் சுருளின் நுனியை அரை விரற்கடை மடித்து ஒட்டி வையுங்கள். இல்லாவிட்டால் கையுறை போட்ட விரலுக்கு நுனி அகப்படவே அகப்படாது. நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்ப்பதற்குள் கையுறைதான் கிழியும்.

வெளிப்பை சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கட்டும். கறுப்புப் பையை டூல் கிட் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள்.

படி 4: வண்டியில் எங்கே?

ஸ்கூட்டரில் டிக்கி இருக்கிறதே என்று தோன்றும். இடம் தாராளம், ஆனால் அடியில் இன்ஜின். வெயில் காலத்தில் அந்தச் சூட்டில் பிளாஸ்திரியின் பசை இளகி வழியும், களிம்பு உருகும். வேறு வழி இல்லையென்றால் பையை ஒரு தடித்த துணியில் சுற்றி, ரெயின்கோட்டுக்கும் பலசரக்குக்கும் மேலே வையுங்கள்.

சாதாரண பைக்குகளில் பக்கவாட்டு மூடிக்குள் டூல் கிட் இருக்கும் பொந்தில் இதையும் செருகிவிடுகிறார்கள். வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தால், நூற்றுக்கும் மேற்பட்ட கிலோ எடையைத் தூக்கி நிறுத்திய பிறகுதான் மூடியைத் திறக்க முடியும். சைடு பாக்ஸுக்கும் இதே கதிதான். என் தேர்வு டேங்க் கவரில் உள்ள பை. அல்லது பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள கேரியரில், மற்ற மூட்டைகளுக்கு மேலே கட்டிய சிறு பை. இரண்டுக்கும் சாவி தேவையில்லை. திருடுபோகுமே என்றால், போகட்டும், சில நூறு ரூபாய்தான்.

மலைப்பாதைக்குப் போகிறவர்கள் "ரத்தம்" கவரைப் போல இன்னொன்று தயார் செய்து ஜாக்கெட்டின் முன்பக்கப் பையில் வைத்துக்கொள்ளலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் சறுக்கினால் வண்டி ஓரிடத்திலும் ஆள் ஓரிடத்திலும் கிடக்க நேரலாம். உடம்பில் வைக்கும் கவரில் கத்தரிக்கோலோ பாட்டிலோ கூடாது; விழும்போது அதுவே குத்தும்.

படி 5: பயன்படுத்தும் விதம்

முதலில் வண்டிகள் வரும் பாதையிலிருந்து உங்களைக் காத்துக்கொள்ளுங்கள். யாரையாவது நிறுத்திப் போக்குவரத்தைத் திருப்பச் சொல்லுங்கள். பிறகு 108.

*ரத்தம் கொட்டினால்:* கையுறையைப் போட்டுக்கொண்டு, காஸை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். 10 நிமிடம். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்க்காதீர்கள். நனைந்துவிட்டால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தி, சுருள் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். காப்பித்தூளை அப்பாதீர்கள். தையல் போடும் முன் அத்தனையையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

*சிராய்ப்பு:* சலைனைப் பீய்ச்சி மண்ணை அடித்துச் செல்ல விடுங்கள். மிஞ்சும் பொடிக்கல்லை இடுக்கியால் எடுக்கலாம். களிம்பை மெல்லியதாகத் தடவி, பாரஃபின் காஸ், அதன் மேல் சாதாரணக் காஸ், பிறகு கட்டு. மண் பட்ட காயம் என்பதால் டெட்டனஸ் ஊசி தேவையா என்று மருத்துவரிடம் அன்றே கேட்டுவிடுங்கள்.

*சைலன்சர் சூடு:* 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர். பக்கத்து டீக்கடைக் குழாயடியில் காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள். கொலுசை உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. பற்பசை, பேனா மை, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம்.

*சக்கரத்தில் கால் மாட்டினால்:* இழுக்காதீர்கள். இன்ஜினை அணைத்து, சக்கரம் அசையாமல் பிடித்துக்கொண்டு, செருப்பு வாரையோ துணியையோ வெட்டி விடுவியுங்கள். கத்தரிக்கோல் முக்கியமாக இதற்குத்தான்.

ஹெல்மெட்டைக் கழற்ற எல்லோரும் பரபரப்பார்கள். கழுத்து எலும்பில் அடி இருந்தால் அந்த ஒரு இழுப்பு போதும், கை கால் செயலிழக்க. மூச்சு விடுகிறாரா, முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டு அப்படியே விடுங்கள். மூச்சு இல்லை, அல்லது வாந்தியால் அடைக்கிறது என்றால் மட்டும், ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்க, இன்னொருவர் மெல்லக் கழற்றலாம். அதேபோல் சோடா வாங்கிவந்து வாயில் ஊற்றும் பழக்கமும் வேண்டாம். அரைமயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போகும்.

செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகள் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. ஒருமுறை போய்க் கற்றுக்கொண்டால் இந்தப் படி முழுவதும் கைப்பழக்கமாகிவிடும்.

படி 6: ஒரு அட்டை

தபால் அட்டை அளவில் ஒன்றை வெட்டி, உங்கள் பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மருந்து, வீட்டில் இருவரின் எண்கள் ஆகியவற்றைத் தமிழில் எழுதி, பைக்குள் மேலாக வையுங்கள். போன் பூட்டியிருந்தாலும் அட்டை பேசும். பின்பக்கத்தில் இரண்டு வரி சேர்க்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு விபத்தில் உதவுபவரைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தின் உச்சவரம்பு வரை, அரசே செலவை ஏற்கிறது. போலீஸ், கேஸ், பில் என்று தயங்கி நிற்பவரின் தயக்கத்தை இந்த இரண்டு வரி குறைக்கும்.

படி 7: வருடத்துக்கு இரண்டு முறை

அக்னி நட்சத்திரம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள். வெயில் எதையெல்லாம் கெடுத்திருக்கிறது என்று தெரியும். பிளாஸ்திரி ஒட்டுகிறதா? கையுறையை இழுத்தால் பிசுபிசுக்கிறதா? அடுத்தது ஆயுத பூஜை. வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கும் அன்று, மழைக்காலம் தொடங்கும் முன், சலைனின் காலாவதித் தேதியையும் காஸ் பாக்கெட்டுகள் ஈரம் படாமல் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். உறை கிழிந்த காஸ் கிருமிநீக்கம் செய்ததாக ஆகாது. அதை வண்டியின் கண்ணாடி துடைக்க வைத்துக்கொண்டு புதியதை வாங்கிவிடுங்கள்.