துப்பாக்கி உதைப்புக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளின் பௌதிகவியல் விடைத்தாள்களைத் திருத்தும்போது, சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் பின்னுதைப்புக் கணக்கில் எந்த வரியில் சறுக்குவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நாங்கள் படித்த காலத்தில் சறுக்கிய அதே வரிதான். கிராமைக் கிலோகிராமாக மாற்ற மறப்பது போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விடுவோம்.

உந்தம் சமன், ஆகவே சக்தியும் சமன்

8 கிராம் குண்டு செக்கனுக்கு 350 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது. அதன் உந்தம், அதாவது திணிவை வேகத்தால் பெருக்கியது, 2.8 அலகு. அதே அளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கும். இதுவரை எல்லாரும் சரி. அடுத்து இயக்கசக்தியைக் கேட்டால், குண்டின் 490 யூலைத் துப்பாக்கிக்கும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். 0.7 கிலோ துப்பாக்கிக்கு 490 யூல் கிடைத்தால் அது செக்கனுக்கு 37 மீற்றர் வேகத்தில் பின்னால் பறக்க வேண்டும். எந்தக் கை அதைத் தாங்கும்? எழுதிய விடையை ஒரு கணமும் யோசித்துப் பார்க்காமல் அடுத்த வினாவுக்குப் போவதுதான் எனக்குக் கோபம். உண்மையில் அதன் வேகம் 4 மீற்றர், சக்தி 5.6 யூல் மட்டுமே.

இனி 1.4 கிலோ உருக்குத் துப்பாக்கியை எடுங்கள். வேகம் 2 மீற்றர், சக்தி 2.8 யூல். புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி, "1.4 கிலோவிலிருந்து 0.7 கிலோவுக்கு வந்து வேகம் இரட்டிப்பானால் சக்தி நாலு மடங்குதானே சேர்?" என்று விடாமல் வாதாடினாள். திணிவு பாதியானதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. உந்தத்தின் வர்க்கத்தைத் திணிவின் இருமடங்கால் வகுக்கச் சொன்னேன். சக்தி இரண்டு மடங்குதான் என்று அவளே கண்டாள். மாறாத உந்தம் என்றால் நேரே இந்தச் சமன்பாட்டுக்குப் போங்கள்.

இங்கே துப்பாக்கி என்ற சொல்லையே கேட்க விரும்பாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு முல்லைத்தீவுக் கரையில் வள்ளத்திலிருந்து ஒருவர் குதிப்பதாகக் கணக்கை மாற்றிக் கொடுக்கிறேன். பௌதிகம் ஒன்றுதான்.

அடர்த்தி விகிதத்தால் வகுப்பது

உருக்கின் அடர்த்தி அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதற்காக, உருக்குக்குப் பதில் அலுமினியம் என்று வினாவில் வந்தால், முழுத் துப்பாக்கியின் திணிவையும் மூன்றால் வகுக்காதீர்கள். அலுமினியமோ பிளாஸ்ரிக்கோ ஆவது பெரும்பாலும் அடிச்சட்டம் மட்டுமே. குழலும் மேலே வழுக்கி ஓடும் பகுதியும் உருக்கிலேயே இருக்கும். 1980களில் வந்த குளொக் என்ற பிளாஸ்ரிக் சட்டக் கைத்துப்பாக்கியும் அப்படித்தான்.

கணித்த உதைப்பையும் கை உணர்வதையும் ஒன்றாக்குவது

கணத்தாக்கு, அதாவது விசையை நேரத்தால் பெருக்கியது, மாறாமல் நேரம் நீண்டால் உச்ச விசை குறையும். பிளாஸ்ரிக் சட்டம் சற்று வளைந்து கொடுப்பதால் அந்த நேரம் கொஞ்சம் கூடலாம், ஆனால் குறைந்த திணிவால் கூடிய சக்தியை அது முழுதாக ஈடுசெய்யும் என்று எழுதாதீர்கள். அப்புறம், குழலின் அச்சு கைக்கு மேலே இருப்பதால் திருப்பமும் உண்டு. முனை மேலே எழுவது அதனால்தான். முன்பக்கம் பாரமாக இருந்தால் அது குறையும்.

வெடிவாயுவை மறப்பது

வினாவில் புறக்கணிக்கச் சொன்னால் மட்டும் விடுங்கள். வாயுவும் உந்தத்தைக் கொண்டு போகிறது.