பெரிய ஆட்டத்துக்கு முன் எதிரணியை எடைபோடுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் வந்துவிட்டால் ஒவ்வொரு வருடமும் இதே கதைதான். தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் பல்கலைக்கழக அணிகள் மோதும். மேற்படிப்புக்கு வந்து இரண்டு சீசன் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்த்த பிள்ளைகள் ஃபோனில் ஒரு அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணா, அவங்க டிஃபென்ஸ் நாட்டிலேயே மூணாவது, நமக்குக் கஷ்டம்தான்" என்று ஆரம்பிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் இப்படிப் பேசியவன்தான் என்பதால் முழுசாகக் கேட்டுக்கொள்வேன். விதிமுறை தெரியாமல் பேசுவது, அபிமானத்தில் உளறுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை தானாகச் சரியாகிவிடும். ஓரளவு விவரம் தெரிந்தவர்கள் விழும் இடங்களைப் பற்றி மட்டும் பேசலாம்.

ஆட்டத்துக்கு இத்தனை யார்டு என்ற சராசரியை நம்புவது

இதுதான் எனக்கு இன்னமும் எரிச்சல் தரும் தவறு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2018 நவம்பர் 24. மிச்சிகன் 10 வெற்றி, 1 தோல்வியோடு தேசியத் தரவரிசையில் நான்காம் இடத்தில் இருந்தது. எதிரணியை முன்னேற விட்ட மொத்த யார்டு கணக்கில் நாட்டிலேயே முதல் டிஃபென்ஸ் அவர்களுடையது. ஒஹாயோ ஸ்டேட்டும் 10-1தான், ஆனால் தட்டுத்தடுமாறி வந்திருந்தது. அக்டோபரில் பர்டியூவிடம் 49-20 என்று உதை வாங்கியது. முந்தைய வாரம் மேரிலாண்டைக் கூடுதல் நேரத்தில் 52-51 என்று ஒரே புள்ளியில்தான் தாண்டியது. ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் இருக்கும் ஒரு மதுரைக்கார நண்பர், தீவிர ஒஹாயோ ஸ்டேட் ரசிகர், மேரிலாண்ட் ஆட்டம் முடிந்த மறுநாளே தன் டிக்கெட்டை ஒரு மிச்சிகன் ரசிகருக்கு விற்றுவிட்டார். "நம்பர் ஒன் டிஃபென்ஸ் சார், நேர்ல போய் அழணுமா?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை.

ஆட்டம் 62-39 என்று முடிந்தது. ஜெயித்தது ஒஹாயோ ஸ்டேட். அவர்களுடைய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) டுவேய்ன் ஹாஸ்கின்ஸ் ஆறு டச்டவுன் பாஸ் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்க்கும் பாஸ்) எறிந்தார். நண்பர் டிக்கெட் விற்ற காசில் வாங்கிய பிரியாணியோடு வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தார்.

அந்த முதலிடம் எப்படி வந்தது? மிச்சிகன் எதிர்கொண்ட அணிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் தெரியும். மிச்சிகன் ஸ்டேட்டை 94 யார்டில் அடக்கியது. அந்த வருட மிச்சிகன் ஸ்டேட்டுக்குத் தாக்குதல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ரட்கர்ஸ் சீசன் முழுக்க ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்த அணி. பென் ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் முழங்கால் வலியோடு ஆடினார். விஸ்கான்சினுக்கு ஓட்டம் வரும், பாஸ் வராது. போதாததற்கு மிச்சிகனே நிதானமாக ஆடும் அணி. பந்தைத் தன்னிடமே வைத்திருந்து நேரத்தை ஓட்டினால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பும் குறையும், யார்டும் குறையும். தெருக் கிரிக்கெட்டில் சின்னப் பசங்களை அவுட் ஆக்கிய கணக்கை வைத்து ரஞ்சி அணிக்கு ஆள் எடுத்தால் எப்படி இருக்கும்? அந்த அட்டவணையை நம்புவது அப்படித்தான்.

அதைவிட முக்கியம், அந்த டிஃபென்ஸ் எப்படி ஆடியது என்பது. மிச்சிகன் பெரும்பாலும் மேன் கவரேஜ் ஆடும். பாஸைப் பிடிக்க ஓடும் ஒவ்வொரு ரிசீவருக்கும் ஒரு ஆள், கடைசி வரை அவன் பின்னாலேயே ஓட வேண்டும். இதற்கு மருந்து கிராஸிங் ரூட். இரண்டு ரிசீவர்கள் ஐந்து யார்டு ஆழத்தில் எதிரெதிராகக் குறுக்கே ஓடி, தோள் உரசும் தூரத்தில் ஒருவரை ஒருவர் கடப்பார்கள். துரத்தி வரும் இருவரும் அந்த நெரிசலைச் சுற்றித்தான் போக வேண்டும். அதில் இரண்டு எட்டு பின்தங்குவார்கள். பாஸ் குட்டையானதுதான். ஆனால் பிடித்தவனுக்கு முன்னால் மைதானம் காலியாகக் கிடக்கும். ஒஹாயோ ஸ்டேட்டிடம் இருந்தவர்களோ நாட்டிலேயே வேகமான ரிசீவர்கள். அதற்கு முந்தைய வாரமே எச்சரிக்கை வந்திருந்தது. இந்தியானா இடைவேளையில் மிச்சிகனை 17-15 என்று முந்தியிருந்தது. கடைசியில் மிச்சிகன் 31-20 என்று ஜெயித்துவிட்டதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

சரி, அப்படியென்றால் எதைப் பார்ப்பது? நான் ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டுக்கொள்வேன்: டவுன் (பத்து யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் எத்தனையாவது), தேவைப்பட்ட தூரம், கிடைத்த தூரம், அப்போதைய ஸ்கோர். முதல் டவுனில் தேவையில் பாதி, இரண்டாவதில் எழுபது சதவீதம், மூன்றிலும் நான்கிலும் முழுத் தூரம் வந்தால் அந்த முயற்சி வெற்றி என்று ஒரு டிக். நான்கு டச்டவுன் வித்தியாசத்துக்குப் பிறகு நடந்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எஃப்சிஎஸ் பிரிவின் சின்ன அணிகளோடு ஆடியதையும் கழித்துவிடுவேன். அப்புறம் எதிரணியின் சிறந்த இரண்டு ஆட்டங்களை விட்டுவிட்டு, அவர்கள் திணறிய இரண்டு ஆட்டங்களை மட்டும் உட்கார்ந்து பார்ப்பேன். எங்கே திணறினார்கள் என்பது அட்டவணையில் இருக்காது.

இத்தனை சொல்லியும் போன நவம்பரில் ஒரு தம்பி அதே அட்டவணையோடு வந்து நின்றான்.

சாக் எந்தக் கணக்கில் போகிறது என்று தெரியாமல் இருப்பது

இதுவும் சராசரியின் தம்பிதான். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் குவார்ட்டர்பேக்கை எறியும் முன் பின்னால் வீழ்த்தினால் (அதுதான் சாக்) இழந்த யார்டு பாஸ் கணக்கில் கழியும். கல்லூரி ஆட்டத்தில் ஓட்டக் கணக்கில் கழிகிறது. அதனால் நிறைய சாக் எடுக்கும் அணி, ஓட்டத்தைத் தடுப்பதிலும் கெட்டிக்காரன் மாதிரித் தெரியும். நடுவில் நான்கு யார்டு நான்கு யார்டாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும் அணி கூட, ஐந்து சாக் எடுத்தால் தாளில் கோட்டைதான். சாக்கைக் கழித்துவிட்டு ஓட்ட யார்டைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஓடும் குவார்ட்டர்பேக் இருந்தால் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகும்.

அவனை இவன் அடித்தான், இவனை நாம் அடித்தோம்

ஒஹாயோ ஸ்டேட்டை 49-20 என்று வென்ற பர்டியூ அந்த சீசனை 6-7 என்று முடித்தது. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பெயரைப் பார்ப்பது

2007 செப்டம்பர் 1, மிச்சிகனின் சொந்த ஊரான ஆன் ஆர்பர். ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகனை அப்பலேச்சியன் ஸ்டேட் 34-32 என்று வென்றது. கடைசி நொடிகளில் மிச்சிகன் உதைத்த ஃபீல்டு கோல் முயற்சியைத் தடுத்து ஜெயித்தார்கள். பெயர் தெரியாத அணி என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அது 2005-லும் 2006-லும் தன் பிரிவில் தேசிய சாம்பியன். மைதானம் முழுக்க ஆளைப் பரப்பி, ஓடவும் எறியவும் தெரிந்த குவார்ட்டர்பேக்கை வைத்து ஆடியது. அதைத் தடுக்க மிச்சிகனால் முடியவில்லை. அதற்கு அடுத்த வாரம் அதே மைதானத்தில் ஓரிகனும் கிட்டத்தட்ட அதே பாணியில் ஆடி 39-7 என்று அடித்தது. முதல் தோல்வியைத் தற்செயல் என்று சொன்னவர்களுக்கு ஏழே நாளில் பதில் வந்துவிட்டது.

போன வருட அணியை வைத்துப் பேசுவது

வீரர்கள் கல்லூரி மாற வழிசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு, போன வருட அணி என்று ஒன்று கிடையாது.

ஹைலைட்ஸ்

வேண்டாம்.

முழு ஆட்டம் பார்த்தாலும் டிவி கேமரா பந்தின் பின்னால்தான் போகும். ஆழத்தில் நிற்கும் கடைசித் தடுப்பாளர்களான சேஃப்ட்டி இருவரும் படத்திலேயே இருக்க மாட்டார்கள். பயிற்சியாளர்களுக்கு இருபத்திரண்டு பேரும் தெரியும் வீடியோ கிடைக்கிறது, நமக்குக் கிடைப்பதில்லை. எப்போதாவது நேரில் போனால் மேல் வரிசையில் டிக்கெட் வாங்குங்கள். காசும் குறைவு, சேஃப்ட்டியும் தெரிவார்கள்.

குவார்ட்டர்பேக் இல்லை, ஆட்டம் முடிந்தது என்று நினைப்பது

2014-இல் ஒஹாயோ ஸ்டேட்டின் முதல் குவார்ட்டர்பேக் சீசனுக்கு முன்பே காயத்தால் விலகினார். இரண்டாமவர் மிச்சிகன் ஆட்டத்தில் கணுக்காலை உடைத்துக்கொண்டார். மூன்றாமவர் கார்டேல் ஜோன்ஸ் முதன்முதலாக ஆரம்பத்திலிருந்தே ஆடிய ஆட்டத்தில் விஸ்கான்சினை 59-0 என்று வென்றார்கள். அப்புறம் அலபாமா, அப்புறம் ஓரிகன், தேசியப் பட்டம். குவார்ட்டர்பேக்கின் பெயரைப் பார்த்தவர்கள் அவருக்கு முன்னால் நின்ற ஐந்து பேர் கொண்ட லைனைப் பார்க்கவில்லை. காயப் பட்டியலைப் பார்க்கும்போது என் கண் முதலில் அந்த லைனின் சென்டருக்கும் இடது டாக்கிளுக்கும்தான் போகும்.

எத்தனை முறை பந்து கிடைக்கும் என்று எண்ணாமல் இருப்பது

சாதாரண ஆட்டத்தில் ஒரு அணிக்குப் பன்னிரண்டு டிரைவ் (பந்து கையில் வந்து போகும் வரையிலான தாக்குதல்) வாக்கில் கிடைக்கும். ஆர்மி மாதிரி, பெரும்பாலும் ஓடியே பந்தை நகர்த்தும் டிரிப்பிள் ஆப்ஷன் ஆடும் அணி அதைப் பாதியாக்கிவிடும். 2018-இல் ஓக்லஹோமாவுக்கு எதிராக ஆர்மி கிட்டத்தட்ட 45 நிமிடம் பந்தைத் தன்னிடமே வைத்திருந்தது. அந்த வருடம் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கிய கைலர் மர்ரே ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். ஓக்லஹோமா கூடுதல் நேரத்தில்தான் 28-21 என்று தப்பித்தது.

எதிரணியை மட்டும் பார்த்து, நம் அணி என்ன செய்யும் என்பதை மறப்பது

எதிரணியின் பலவீனம் எது என்பது பாதிக் கணக்குதான். நம் பயிற்சியாளர் அந்த இடத்தைத் தொடுவாரா என்பது மீதி. 2024-இல் மிச்சிகன் 6-5 என்ற நிலையில் கொலம்பஸுக்கு வந்தது. இரண்டாம் இடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட் சுமார் இருபது புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் கணித்தார்கள். மிச்சிகனின் பலம் நடுவில் நிற்கும் மேசன் கிரஹாமும் கென்னத் கிரான்ட்டும். அது ஊருக்கே தெரியும். எதிரணி ரிசீவர்களைக் காவல் காக்கும் அவர்களின் சிறந்த கார்னர் வில் ஜான்சன் ஆடவில்லை என்பதும் தெரியும். ஒஹாயோ ஸ்டேட்டிடம் ஜெரமையா ஸ்மித், எமேகா எக்புகா என்று ரிசீவர்கள் வரிசை கட்டி நின்றார்கள். ஆனால் பந்தை வாங்கி அந்த இரண்டு மலைகளுக்கு நடுவிலேயே திரும்பத் திரும்ப ஓடினார்கள். மிச்சிகன் மொத்தமே 62 யார்டுதான் எறிந்தது. ஆனாலும் ஜெயித்தது, 13-10.

மூன்று வாரம் கழித்து டென்னசியை 42-17 என்று வென்ற அதே ஒஹாயோ ஸ்டேட், ரோஸ் பவுலில் ஓரிகனுக்கு எதிராக முதல் டிரைவிலேயே ஜெரமையா ஸ்மித்துக்கு எறிந்து 45 யார்டு டச்டவுன் எடுத்தது. ஜனவரி 20 அன்று தேசியப் பட்டமும் அவர்களுக்குத்தான்.